தள்ளுபடி ஆகமமும் இணைத் திருமுறையும்: தமிழ் விவிலியத்தின் எல்லை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கிறிஸ்தவர் அனைவருக்கும் வேதநூல் ஒன்றே என்பது நம்மவரிடையே வழங்கிவரும் பொதுவான எண்ணம். 'பைபிள்' என்னும் ஒற்றைச் சொல்லே இதற்குக் காரணம் எனலாம். உண்மையில் கத்தோலிக்கர் கையிலுள்ள விவிலியத்தில் 73 நூல்கள் உள்ளன. புராட்டஸ்டண்டுகள் கையிலுள்ள பரிசுத்த வேதாகமத்தில் 66 மட்டுமே. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் பழைய ஏற்பாட்டைச் சார்ந்தது. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் எனும் இரு நூல்களில் கிரேக்க மொழியில் மட்டும் காணப்படும் சில இணைப்புப் பகுதிகளும் ஒரு சாராரிடம் உள்ளன. மறு சாராரிடம் இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தின் வட கோடியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அமைந்த பின்னர், தென் மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் பல சமயத்தவராய் ஒரே கூரையின்கீழ் தங்கி வாழ்கின்றனர். அவர்களுள் நம் இளைஞரும் உளர். இவ்வட்டாரத்தில் அரபிக் கல்லூரி ஆசிரியப் பணியிலிருக்கும் நம்மிடம் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அவர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, உடன் தங்கியிருக்கும் இரு கிறிஸ்தவரின் வேதநூல்கள் ஏன் வெவ்வேறு பருமனில் உள்ளன என்பது. இதற்கு ஆயத்தமான விடைகள் இரண்டு உலவுகின்றன. புராட்டஸ்டண்டுகள் ஏழு நூல்களை வெட்டி எறிந்துவிட்டனர் என்பது நம் துண்டுப் பிரசுரங்களில் அடிக்கடி காணப்படும் விடை. கத்தோலிக்கர் 1546இல் ஏழு நூல்களைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டனர் என்பது புராட்டஸ்டண்டுப் போதகர் சிலரின் விடை. வரலாற்றை நிதானமாக நோக்குவோர்க்கு இரண்டுமே நிறைவளிப்பதில்லை. வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடிய ஒரு செய்தியை இங்கேயே கூறிவிடுவோம்: சர்ச்சைக்குரிய இந்நூல்களைத் தமிழில் முதன்முதலாக அச்சேற்றியவர்கள் கத்தோலிக்கர் அல்லர், லூதரைப் பின்பற்றிய புராட்டஸ்டண்டுகளே.

இந்நூல்களின் பிறப்பைச் சுருக்கமாகக் காண்போம். இவை ஈஸா (அலை) அவர்களின் காலத்திற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் யூதர்களிடையே தோன்றியவை. எகிப்தின் அலெக்சாந்திரியா முதலிய நகரங்களில் வாழ்ந்த யூதர் கிரேக்க மொழி பேசினர். தவ்றாத்தும் பிற நூல்களும் அவர்களுக்காகக் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. தொடக்கக்காலக் கிறிஸ்தவர் பெரிதும் பயன்படுத்தியது இக்கிரேக்கப் பழைய ஏற்பாட்டையே. அவர்கள் வழிவந்த கிரேக்க ஏடுகளில் இந்நூல்கள் ஏனைய நூல்களுடன் கலந்தே காணப்படுகின்றன. யூத ரப்பிகளோ எபிரேய மொழியிலமைந்த 24 நூல்களோடு தம் வேதத் தொகுதியை நிறுத்திக்கொண்டனர். (அந்த 24ஐத்தான் புராட்டஸ்டண்டுகள் வேறு முறையில் பிரித்து 39 என எண்ணுகின்றனர்.) அலெக்சாந்திரிய யூதர்களுக்கெனத் தனியான, விரிந்த திருமுறைத் தொகுதி ஒன்று இருந்தது என்றும், எபிரேயத் தொகுதி யாப்னே நகரில் கூடிய ஒரு சபையில் முடிவு செய்யப்பட்டது என்றும் முன்னர் நம்பப்பட்டது. இக்கருத்துகள் இரண்டையும் இன்றைய ஆய்வாளருள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. எல்லைக்கோடு தெளிவாக வரையப்படாத ஒரு காலம் நீண்டிருந்தது என்பதே பொருத்தமானது.

கிறிஸ்தவ அறிஞருள்ளும் கருத்து வேற்றுமை பழமையானது. இலத்தீன் மொழியில் வேதத்தைப் பெயர்த்த ஜெரோம் எபிரேய மூலமே மெய்யானது என்றார். மூலத்தில் இல்லாதவற்றை ஒதுக்கிவைக்க விரும்பினார். ஆயர்களின் வற்புறுத்தலுக்கிணங்கித் தோபித்தை ஒரே நாளிலும் யூதித்தை ஓரிரவிலும் பெயர்த்து முடித்ததாக அவரே முன்னுரைகளில் குறிப்பிடுகிறார். வேதநூல் என அவர் கருதியவற்றின்மீது செலவிட்ட உழைப்போடு இதனை ஒப்பிட்டால் அவர் மனநிலை விளங்கும். அவர் காலத்தவரான அகஸ்டினோ, திருச்சபைகளில் நெடுங்காலம் வாசிக்கப்பட்டவை வேதமே என்றார். வட ஆப்பிரிக்காவில் 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய சபைகள் அகஸ்டினின் பக்கம் நின்றன. ஆகவே 1546இல் இந்நூல்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டன என்பது பிழை. ஆயினும் அதற்கிடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளிலும் ஜெரோமின் ஐயத்தைத் திரும்பக் கூறிய கத்தோலிக்க அறிஞர் இருந்துகொண்டே இருந்தனர் என்பதும் உண்மை.

1534இல் வெளிவந்த தம் ஜெர்மானிய விவிலியத்தில் லூதர் இவற்றை நீக்கவில்லை. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே தனிப்பகுதியாக வைத்து, வேதத்திற்கு நிகரானவை அல்ல, எனினும் வாசிக்கப் பயனுள்ளவை என்று தலைப்பிட்டார். அதற்கு மறுமொழியாக 1546 ஏப்ரலில் திரெந்து பொதுச்சங்கம், இந்நூல்கள் ஏனைய நூல்களுக்கு இணையான வேதமே என்று கத்தோலிக்கரைக் கட்டுப்படுத்தும் ஆணையாக அறிவித்தது. ஆங்கிலத் திருச்சபை தன் 39 விதிகளுள் ஆறாவதில் நடுவழியை மேற்கொண்டது: நல்லொழுக்கத்திற்கு முன்மாதிரியாக இவற்றை வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவ இவற்றை ஆதாரமாகக் கொள்ளலாகாது. 1611ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இவை இடம்பெற்றன. 1640களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய கால்வினியரே இவை ஏனைய மனித எழுத்துகளைக் காட்டிலும் எவ்விதச் சிறப்பும் உடையன அல்ல எனத் தீர்த்துரைத்தனர்.

மத்ரஸாவில் ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்நிலைப்பாடுகள் அந்நியமாகத் தோன்றா. பலவீனமான ஹதீஸ்களை அமல்களின் சிறப்புகளை எடுத்துரைக்கக் கையாளலாம். ஹலால், ஹராம் சட்டங்களுக்கும் அகீதாவுக்கும் அவற்றை ஆதாரமாக்கலாகாது என்பது இமாம் நவவி (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மையோரின் வழி. அதற்கும் இடமளியாது முற்றாகத் தவிர்ப்போரும் நம்மில் உண்டு. ஆங்கிலத் திருச்சபையின் ஆறாம் விதி முதல் வகையை ஒத்தது; வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை இரண்டாம் வகையை ஒத்தது. இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. நம் முஹத்திஸ்கள் எடைபோட்டது அறிவிப்பாளர் தொடரை; கிறிஸ்தவ அறிஞர்கள் எடைபோட்டதோ மூலமொழி, திருச்சபை வழக்கு, உள்ளடக்கம் ஆகியவற்றை. ஸனது என்னும் அளவுகோல் அவர்களிடம் இல்லை.

இனி நம் நிலப்பகுதிக்கு வருவோம். கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, பொன்னேரிக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ளது பழவேற்காடு. பழமையான முஸ்லிம் வணிகக் குடியிருப்பாக அதனை நம் வாசகர் அறிவர். அங்குப் போர்த்துகீசியர் எழுப்பிய மகிமை மாதா ஆலயம் 1515ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொண்டாடுகிறது. அஃதாவது லூதர் தம் 95 கருத்துரைகளை விட்டன்பர்க்கில் வெளியிடுவதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக. பிரிவினையே ஏற்படாத காலத்துக் கிறிஸ்தவம் அங்கு வந்திறங்கிற்று எனலாம். 1613இல் டச்சுக்காரர் அதே ஊரில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். அவர்கள் கால்வினைப் பின்பற்றிய சீர்திருத்தச் சபையினர். கோட்டை எழுந்த சில ஆண்டுகளில், 1618, 1619இல் அவர்களின் தாய்நாட்டில் டார்ட் நகரில் கூடிய சபை இதே சிக்கலை விவாதித்தது. முற்றாக நீக்கவேண்டும் எனச் சிலர் வாதிட்டனர். இறுதியில், விவிலியத்தின் கடைசியில், தனித் தலைப்புடனும் எச்சரிக்கை முன்னுரையுடனும் சிறிய எழுத்தில் அச்சிடுவது என முடிவாயிற்று. 1637இல் வெளிவந்த டச்சு அரசு விவிலியம் அவ்வாறே அமைந்தது. சற்றே நடந்தால் எட்டும் தொலைவில், ஆலயத்தில் இந்நூல்கள் வேதம். கோட்டைக்குள் அவை சிறிய எழுத்துப் பின்னிணைப்பு. இரு சாராருடனும் வணிகம் செய்த நம் முன்னோர் இதனைக் கவனித்திருப்பரா என நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆயினும் பழவேற்காட்டில் இச்சர்ச்சை தமிழில் நிகழவில்லை. அது தமிழுக்கு வந்தது தரங்கம்பாடி வழியாக. டென்மார்க் மன்னரின் ஆதரவில் 1706இல் அங்கு வந்த ஜெர்மானியரான சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1714, 1715இல் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை முடித்த நிலையில் 1719இல் இறந்தார். எஞ்சிய பணியை ஏற்றவர் பெஞ்சமின் சூல்ட்சே. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக 1723 முதல் அச்சேறிற்று. சூல்ட்சே எபிரேய நூல்களோடு நின்றுவிடவில்லை. லூதரின் ஜெர்மானிய விவிலியம் எவ்வாறு அமைந்திருந்ததோ அவ்வாறே தமிழிலும் அமைய வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆகவே தோபித்தும் யூதித்தும் மக்கபேயரும் ஏனையவும் தமிழாகி 1728இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சிடப்பட்டன. இந்திய மொழி ஒன்றில் இவை அச்சானது அதுவே முதன்முறை.

இதே காலத்தில் தமிழகத்தில் கத்தோலிக்கர்களின் தலைசிறந்த எழுத்தாளராக விளங்கியவர் வீரமாமுனிவர் எனும் பெஸ்கி. அவருக்கும் தரங்கம்பாடியாருக்கும் நடந்த எழுத்துப் போர் தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெற்றது. 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியவற்றை அவர் அவர்களை மறுப்பதற்கென்றே எழுதினார். அவர்களின் மொழிபெயர்ப்புத் தமிழை எள்ளி நகையாடினார். அந்த ஏளனத்தில் நியாயம் இல்லாமலில்லை. சூல்ட்சேயின் நடையைப் பின்னர் அவருடைய சபையினரே திருத்த வேண்டியதாயிற்று. எனினும் ஒரு முரண் நம் கவனத்திற்குரியது. இந்நூல்களை வேதம் என்று ஆணையிட்ட திருச்சபையைச் சார்ந்த தமிழர், அவற்றை உள்ளடக்கிய பழைய ஏற்பாட்டைத் தம் சபையின் வெளியீடாகத் தமிழ் அச்சில் முழுமையாகக் காண 20ஆம் நூற்றாண்டுவரை காத்திருந்தனர். வேதத்திற்கு நிகரல்ல என்று கூறியவர்களோ அவற்றை 1728இலேயே அச்சிட்டுக் கொடுத்தனர். நூலை வேதமென ஏற்பது ஒன்று. அதனை மக்கள் கையில் கொடுப்பது மற்றொன்று.

சூல்ட்சேக்குப் பின் சென்னையில் பணியாற்றிய பப்ரிசியுஸ் என்பவரே தமிழ் மொழிபெயர்ப்பைச் செப்பனிட்டவர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அவர் டச்சுக்காரரின் ஆதரவு நாடித் தஞ்சம் புகுந்த ஊர் பழவேற்காடுதான். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக அதன்பின் வந்தது. 1761இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலேயர் அங்கிருந்து கொணர்ந்த அச்சியந்திரமே வேப்பேரியில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவ்வாறாயின் தமிழ் புராட்டஸ்டண்டுகளின் வேதாகமத்திலிருந்து இந்நூல்கள் மறைந்தது எப்போது? இதற்கான விடை தமிழகத்தில் இல்லை, லண்டனில் உள்ளது. 1804இல் அங்கு நிறுவப்பட்ட பிரிட்டிஷ் மற்றும் அயல்நாட்டு வேதாகமச் சங்கம், குறிப்புரையோ விளக்கவுரையோ இன்றி வேதத்தை உலகெங்கும் பரப்புவதை நோக்கமாகக் கொண்டது. ஐரோப்பாவின் லூதரன் நாடுகளுக்கும் கத்தோலிக்க நாடுகளுக்கும் அது பணம் அனுப்பியது. அங்குள்ளோர் தம் வழக்கப்படி இந்நூல்களையும் சேர்த்தே அச்சிட்டனர். அவை இல்லாத விவிலியத்தை அந்நாட்டு மக்கள் குறையுடையதெனக் கருதி வாங்க மறுப்பர் என்பது அவர்கள் கூறிய காரணம். 1821 முதல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் ஹால்டேன் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இறைவாக்கையும் மனித வாக்கையும் ஒரே அட்டைக்குள் கட்டித் தருவது இறைவாக்கில் கூட்டுவதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதம். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில் ஊறிய ஸ்காட்லாந்தியச் சங்கங்கள் அவர் பின்னே நின்றன. ஐந்தாண்டுக் காலம் துண்டறிக்கைகள் பறந்தன. முடிவில் 1826 மே மாதம், இந்நூல்களைப் பரப்பும் எந்தச் சங்கத்திற்கும் பணவுதவி இல்லை என லண்டன் சங்கம் தீர்மானித்தது. அத்தனைக்குப் பின்னும் எடின்பரோ சங்கத்தார் திருப்தியுறாது பிரிந்து சென்றனர். ஐரோப்பியச் சங்கங்கள் பலவும் மறுபுறமாக விலகின.

பழவேற்காட்டை டச்சுக்காரர் ஆங்கிலேயரிடம் நிரந்தரமாக ஒப்படைத்தது இத்தீர்மானத்திற்கு ஓராண்டு முன்னர், 1825இல். சென்னையில் 1820இல் நிறுவப்பட்டிருந்த துணைச் சங்கம் லண்டனின் ஆதரவில் இயங்கியது. லண்டனின் விதி அதனையும் கட்டுப்படுத்திற்று. 19ஆம் நூற்றாண்டில் அச்சங்கத்தின் முயற்சியால் வந்த தமிழ்த் திருத்தங்களின் வழி, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் நிலைபெற்ற மொழிபெயர்ப்பே இன்றளவும் தமிழ் புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலோர் கையில் உள்ளது. அதில் 66 நூல்களே. இத்தனைக்கும் பவர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த மிஷனரி. இந்நூல்களை ஆலயத்தில் வாசிக்கலாம் என்று விதி வகுத்த திருச்சபை அது. தமிழ் லூதரன்களோ சூல்ட்சேயின் வழித்தோன்றல்கள். இவ்விரு சாராரின் சொந்தக் கோட்பாட்டின்படியும் இந்நூல்கள் நூலுக்குள் இருந்திருக்கலாம். ஸ்காட்லாந்திய மனச்சான்று ஒன்றும் லண்டன் கருவூலம் ஒன்றும் சேர்ந்து வரைந்த கோடு, அவர்களின் தமிழ் வேதாகமத்தின் எல்லையாயிற்று. தமிழ்க் கிறிஸ்தவர் கூடி விவாதித்து எடுத்த முடிவன்று இது. நம் கருத்தில் இவ்வரலாற்றின் மையம் இதுவே. 'வெட்டி எறிந்தனர்' எனும் வினைமுற்றுக்கு எழுவாய் யார் என்று கேட்டால், துண்டுப் பிரசுரம் எழுதுவோர் சற்றுத் தயங்க வேண்டிவரும்.

இரு நூற்றாண்டுக் காலத்து மனவேறுபாடு தமிழ்ச் சொற்களிலும் படிந்துள்ளது. புராட்டஸ்டண்டு வழக்கில் இவை 'தள்ளுபடி ஆகமங்கள்'. நீதிமன்றத்தில் வழக்கு தள்ளுபடியாவதுபோல் தீர்ப்பளித்து நீக்கப்பட்டவை என்பது பொருள். (ஆடி மாதத்துத் துணிக்கடை விளம்பரங்களால் இச்சொல்லுக்கு வேறு பொருளும் வந்து சேர்ந்தது அவர்களின் குற்றமன்று.) கத்தோலிக்கர் 'இணைத் திருமுறை நூல்கள்' என்கின்றனர். திருமுறை என்பது சைவர்களின் பன்னிரு திருமுறைகளால் நமக்குப் பழகிய சொல். மேலை மொழிகளில் கத்தோலிக்கர் வழங்கும் பெயருக்கு 'இரண்டாம் திருமுறை' என்பதே நேர்ப்பொருள். ஏற்பில் காலத்தால் பிந்தியவை என்ற கருத்தில் எழுந்தது. தரத்தில் இரண்டாவது என அதனைப் பிறழ உணர்வோர் உண்டு. 'இணை' என்ற தமிழ்ச் சொல் அக்குழப்பத்திற்கு இடந்தராமல், சமம் என்றும் சேர்க்கப்பட்டது என்றும் இரு பொருள்பட நிற்கிறது. நயமான தேர்வு.

இச்சொல் பரவலானது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பினால். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சபையினருடன் இணைந்து வேதத்தைப் பெயர்க்க இசைவளித்தது. 1966இல் லண்டன் சங்கம் தன் பழைய தடையைத் தளர்த்திற்று. 1968இல் வத்திக்கானும் உலக வேதாகமச் சங்கங்களும் பொது நெறிமுறைகளை வகுத்துக்கொண்டன. இருவருக்கும் பொதுவான பதிப்புகளில் சர்ச்சைக்குரிய நூல்களைத் தனிப்பகுதியாகப் புதிய ஏற்பாட்டுக்கு முன் வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி. தமிழில் இருசாரார் அறிஞரும் கூடி உழைத்த பெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பு அவ்வாறே பழைய ஏற்பாடு, இணைத் திருமுறை, புதிய ஏற்பாடு என மூன்று பகுதிகளாய் வந்தது. 1534இல் லூதர் வைத்த அதே இடம்! நான்கரை நூற்றாண்டு வழக்குக்குப் பின் கத்தோலிக்கர் நூலிலேயே அவை லூதரின் இருக்கையில் அமர்ந்துள்ளன. ஆனால் தலைப்பு மட்டும் திரெந்தினுடையது.

இவ்வளவு வழக்காடுவதற்கு அந்நூல்களில் என்ன உள்ளது என வாசகர் வினவலாம். மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில், போரில் மாண்ட வீரர்களின் பாவத்திற்குப் பரிகாரமாக யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்பிய நிகழ்ச்சி வருகிறது. இறந்தோருக்காக இறைஞ்சுதல் பயன்தரும் என்பதற்குக் கத்தோலிக்கர் காட்டும் முதன்மையான ஆதாரம் இது. லூதர் மறுத்ததும் இக்கோட்பாட்டையே. மய்யித்திற்கு நன்மை சேர்ப்பித்தல் பற்றி நம் பள்ளிவாசல்களில் நடந்த, நடக்கும் வாதங்களை அறிந்த எவர்க்கும், இதன் சூடு எத்தகையது எனச் சொல்லத் தேவையில்லை. சாலமோனின் ஞானம் நூலின் மூன்றாம் அதிகாரம் கத்தோலிக்கரின் இறுதிச் சடங்குகளில் வாசிக்க அனுமதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. தொழிற்பேட்டையில் உடன் பணியாற்றியவரின் அடக்கத்திற்குச் செல்லும் நம் இளைஞர் தாமறியாமலே அதனைச் செவியுற்றிருக்கக்கூடும்.

சீராக்கின் ஞானம் நம் தனிக் கவனத்திற்குரியது. பெற்றோரைப் பேணுதல், நாவடக்கம், நட்பு, விருந்து முதலியன பற்றிய அறவுரைத் தொகுதி அது. எருசலேமில் எபிரேயத்தில் எழுதப்பட்ட அதனை, ஆசிரியரின் பேரர் கி.மு. 132இல் எகிப்துக்கு வந்து பின்னர்க் கிரேக்கத்தில் பெயர்த்தார். ரப்பிகள் வேதமாக ஏற்காவிடினும் தல்மூதில் மேற்கோளாக எடுத்தாண்டனர். எபிரேய மூலம் பல நூற்றாண்டுகள் காணாமற் போயிருந்தது. மூலமொழி இல்லை என்பதே இதற்கெதிரான பழைய வாதம். 1896இல் கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில், யூத ஆலயத்தின் ஏட்டுக் கிடங்கிலிருந்து வந்த ஏடுகளில் அதன் எபிரேயப் பகுதிகளைச் சாலமன் ஷெக்டர் கண்டறிந்தார். அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய நகரில், முஸ்லிம் ஆட்சியின் நிழலில் யூதர் பாதுகாத்து வைத்த ஏடுகள் அவை. 1964இல் மஸாதாக் கோட்டை அகழ்வில் கிறிஸ்துவுக்கு முந்தைய சுருள் ஒன்றும் கிடைத்தது. தோபித்தின் அரமேய, எபிரேயப் பிரதிகள் சாக்கடல் குகைகளிலிருந்து வெளிவந்தன. எனவே ஜெரோமின் அளவுகோலைக் கொண்டே பார்த்தாலும் சில நூல்களின் வழக்கை மறுவிசாரணை செய்யவேண்டியுள்ளது. அதேவேளை, மூலமொழியில் இருந்தமை மட்டுமே ஒரு நூலை இறைவேதம் ஆக்கிவிடாது என்பதும் உண்மை.

நம் முன்னோர் இந்நூல்களை அறிந்திருந்தனரா? ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) இப்னு கல்தூன் (ரஹ்) எழுதிய முகத்திமாவில் வேதக்காரர்களின் நூல்களைப் பெயர் கூறி வரிசைப்படுத்துகிறார். அப்பட்டியலில் யூதித்தும் மக்கபேயர் நூல்களும் சீராக்கின் நூலும் இடம்பெறுகின்றன. சீராக்கை ஸுலைமான் (அலை) அவர்களின் அமைச்சர் என்று குறிப்பிடுவது பிழைதான்; இருவருக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் உள்ளன. ஆயினும் திரெந்துக்கு 169 ஆண்டுகள் முன்னர், மக்ரிபைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியர் கையில் கிடைத்த கிறிஸ்தவப் பட்டியலில் இவை இருந்தன என்பதற்கு இது சான்று. 'கத்தோலிக்கர் 1546இல் சேர்த்தனர்' என்போர்க்கு நம் நூலிலிருந்தே மறுப்பு கிடைக்கிறது.

இச்சர்ச்சையை முறையாகக் கையாண்ட முஸ்லிம் அறிஞர் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்). 1854 ஏப்ரலில் ஆக்ராவில் பாதிரியார் ஃபண்டருடன் அவர் நடத்திய விவாதம் யாவரும் அறிந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் இஸ்தான்பூலில் எழுதிய 'இழ்ஹாருல் ஹக்' நூலில், கிறிஸ்தவர் அனைவரும் ஏற்றவை, கருத்து வேற்றுமைக்குரியவை என வேதநூல்களை அவர் பகுக்கிறார். பாரூக்கு, தோபித்து, யூதித்து, ஞானம், சீராக்கு, மக்கபேயர் என ஒவ்வொன்றின் பெயரையும் தருகிறார். எந்தச் சபை எதனை ஏற்றது என ஆண்டு வரிசையில் கூறுகிறார். நீசேயா சங்கம் யூதித்தை ஏற்றதாக அவர் எழுதுவதும் ஜெரோமின் முன்னுரையை ஆதாரமாகக் கொண்டே. அவர் வாதம் இதுதான்: முன்னோர் ஒன்றுகூடி வேதமென ஏற்றவற்றைப் பின்னோர் பிழையென்று ஒதுக்குவராயின், எஞ்சிய நூல்களுக்கு அதே முன்னோரின் ஏற்பை ஆதாரமாகக் காட்டுவது எங்ஙனம்? புராட்டஸ்டண்டு அறிஞர் இதற்கு விடையளிக்க முயன்றுள்ளனர். திருச்சபை வேதத்தை உண்டாக்கவில்லை, கண்டுகொண்டது மட்டுமே என்பது அவர்களின் விடை. அது போதுமானதா என்பது வேறு விஷயம். கைரானவியின் வினா நேர்மையானது. எதிர்த்தரப்பின் நூல்களைப் படித்து எழுப்பப்பட்டது. அவருக்குத் துணைநின்ற டாக்டர் வஸீர் கான் இங்கிலாந்தில் மருத்துவம் பயின்றபோது சேகரித்த கிறிஸ்தவ நூல்களே அவ்விவாதத்தின் படைக்கலமாயின.

அவ்வறிஞரின் பெயரைக் கூறிக்கொண்டு இன்று நம் மேடைகளில் எழும் குரல்களில் அந்த உழைப்பைக் காண்பது அரிது. ஏழு நூல்களில் ஒன்றன் பெயரையும் சொல்ல இயலாதவர் 'ஏழு நூல்களை நீக்கிய கூட்டம்' என முழங்குகிறார். இதே முறையில் எதிர்த்தரப்பார் நம்மை நோக்கி வரும்போது நமக்கு எவ்வளவு வருத்தம் ஏற்படுகிறது! இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் ஏட்டில் குர்ஆனின் இறுதி இரு சூராக்களான முஅவ்விததைன் எழுதப்படவில்லை என்னும் அறிவிப்பை எடுத்துக்காட்டி, முஸ்லிம்களின் வேதத்திலும் எல்லைச் சிக்கல் உண்டு என்று எழுதும் பிரசுரங்கள் நம் கைக்கு வந்துள்ளன. இப்னு ஹஸ்மும் நவவியும் அவ்வறிவிப்பையே மறுத்ததையும், இப்னு ஹஜர் அதனை ஏற்றுத் தக்க விளக்கம் அளித்ததையும், முதவாதிரான ஓதல் வழிகளில் அவ்விரு சூராக்களும் ஐயமின்றி வந்திருப்பதையும் அவர்கள் படிப்பதில்லை. உரிய நூல்களைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என அவர்களைக் கேட்கும் உரிமை, தோபித்தையும் சீராக்கையும் படித்துவிட்டுப் பேசுவோர்க்கே உண்டு. வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி விவாதிக்கலாகாது எனும் கட்டளை நாவின் மென்மையோடு முடிந்துவிடுவதன்று. தகவலின் உண்மையும் அதில் அடங்கும்.

இழ்ஹாருல் ஹக்கின் முதல் அதிகாரத்தை அரபிக் கல்லூரிகளின் இறுதி வகுப்புகளிலேனும் பாடமாக்கலாம். அதனுடன் 1995ஆம் ஆண்டின் தமிழ்ப் பெயர்ப்பில் ஒரு பிரதி நூலகத்தில் இருத்தல் வேண்டும். நமது கல்லூரியில் இரண்டும் உள்ளன. முன்னதன் ஓரங்கள் மாணவர் கைபட்டு நைந்திருக்கின்றன. பின்னதில் இணைத் திருமுறைப் பக்கங்கள் இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.